காலடியில் இருக்கும் பிரேக் ஆயிலைக் கண்ணெதிரே கொண்டுவரலாமா?



இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வரும் கேள்விகள் வாழையில் வாடல், தென்னையில் காண்டாமிருக வண்டு, ரப்பரில் இலையுதிர்வு என்றுதான் இருக்கும். இந்த முறை வந்த ஒரு கடிதம் வண்டியைப் பற்றியது. ‘இது வேளாண்மை அதிகாரியிடம் கேட்கிற கேள்வியா?’ என்று சிலர் நினைக்கலாம். மலைத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஜீப்பும் ஒரு விவசாயக் கருவிதான். உரமும் ஆளும் அதில்தான் ஏறுகின்றன, விளைச்சல் அதில்தான் இறங்குகிறது. அதனால் இந்த இதழில் முழுப் பக்கத்தையும் அந்தக் கேள்விக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: எங்களுக்கு மலையில் கொஞ்சம் கிராம்பும் நல்லமிளகும் உண்டு. அப்பா காலத்தில் ஏலத்தில் எடுத்த பழைய மிலிட்டரி ஜீப்தான் இன்றும் ஓடுகிறது. அதில் பிரேக் ஆயில் பார்க்க வேண்டுமென்றால் டிரைவர் காலடியில் உள்ள தகட்டைக் கழற்ற வேண்டும். பேனட்டுக்குள் தனியாக ஒரு ஆயில் டப்பா வைத்து, குழாய் போட்டுத் தருகிறேன் என்று மெக்கானிக் சொல்கிறார். அப்பாவோ, ‘மிலிட்டரிக்காரன் யோசிச்சுச் செய்ததில் கை வைக்காதே’ என்கிறார். என்ன செய்யலாம்? — ஒரு வாசகர், குலசேகரம்.

பதில்: டப்பா வைக்கலாம். முறையாக வைத்தால் நல்லது. ஆனால், அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன். அதற்கு முன் என் சொந்த அனுபவம் ஒன்று.

நான் வேலையில் சேர்ந்த புதிது. மழைக்குப் பிறகு கிராம்பு மரங்களில் இலை கருகுகிறது என்று தகவல் வந்து, தோட்டக்கலைத் துறை நண்பர் ஒருவரோடு மலையேறினேன். கீரிப்பாறை, மாறாமலைப் பக்கம் போனவர்களுக்கு அந்தப் பாதைகள் தெரியும். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். எங்களை ஏற்றிப்போனது தோட்டத்துக்காரர் ஒருவரின் பழைய மிலிட்டரி ஜீப். மாலையில் இறங்கும்போது பின்னால் வேலைக்கு வந்த பெண்கள் ஆறு பேர், இரண்டு மூட்டைகள். ஒரு வளைவில் டிரைவர், “சார்... சவுட்டுனா கால் அப்படியே தரையில போகுது. எல்லாரும் கெட்டியா புடிச்சுக்கிடுங்க” என்றார். இரண்டாவது கியரில் இருந்ததை முதல் கியருக்கு இறக்கி, வண்டியைப் பாறைப்பக்கம் உரசவிட்டு, ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்தினார். உயிருக்கு ஆபத்தில்லை. பின்னால் இருந்த ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அந்த வருடம் முழுவதும் அவரால் காய் பறிக்க முடியவில்லை.

கீழே இறங்கி காலடித் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் சொட்டுகூட இல்லை. பின்சக்கரம் ஒன்றின் உள்பக்கம் நனைந்து மண் அப்பிக் கிடந்தது. டிரைவர் நல்லவர், கவனமானவர்தான். “தினமும் காலையில ஆறு திருகாணியைக் கழட்ட யாருக்கு சார் நேரம்?” என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும்தான் காலையில் ‘நேரமாகிறது, கிளம்புங்கள்’ என்று அவசரப்படுத்தினேன்.

அந்த ஆயில் ஒரே நாளில் வற்றியதல்ல. பல வாரங்களாகச் சிறிது சிறிதாகக் குறைந்திருக்கிறது. கண்ணில் படும் இடத்தில் இருந்திருந்தால் யாராவது ஒருவர் பார்த்திருப்பார். உங்கள் மெக்கானிக் சொல்லும் டப்பாவின் பயன் அவ்வளவுதான்: பார்க்க முடியாததைப் பார்க்க வைப்பது. அதற்கு மேல் அது எதையும் சரிசெய்யாது.

ஏன் காலடியில் வைத்தார்கள்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. நம் நாட்டில் மகிந்திரா ஜீப் கட்டத் தொடங்கியதும் அந்த வில்லிஸ் அமைப்பை வைத்துத்தான். அந்த அமைப்பில் பிரேக் பெடல் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். அதன் அடியில் சேஸிஸோடு சேர்த்து மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தியிருப்பார்கள். பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு சிறு தண்டு மட்டும்தான். எளிமையான அமைப்பு, கெடுவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. அன்றைய பழைய மிலிட்டரி லாரிகள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

ராணுவத்தில் வண்டிக்கு ஒரு டிரைவர், அவருக்கு மேல் ஒரு பொறுப்பாளர், என்று எதைச் சோதிக்க வேண்டும் என்ற பட்டியல் எல்லாம் உண்டு. தகட்டைக் கழற்றிப் பார்ப்பதும் அங்கே கடமை. நம்மிடம் வந்த பிறகு வண்டி மட்டும் வந்தது, அந்தப் பட்டியல் கூட வரவில்லை. உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். மிலிட்டரிக்காரர் யோசித்துச் செய்தது உண்மை. ஆனால், முறையாகத் திறந்து பார்ப்பார்கள் என்று நம்பித்தான் அப்படிச் செய்தார்.

காலடியில் இருப்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. தகட்டைத் திறக்கும்போதெல்லாம் செருப்பில் வந்த மண், உரத்தூள், ரப்பர்ச் சண்டு எல்லாம் மூடியைச் சுற்றிச் சேர்ந்திருக்கும். துடைக்காமல் மூடியைத் திருகினால் அது உள்ளே விழும். ஒரு மணல் பருக்கு போதும், உள்ளே இருக்கும் ரப்பர் கப்பில் கீறல் விழ.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

தெளிப்பானின் கைப்பிடியை அழுத்தினால் மறுமுனையில் மருந்து பீறிடுகிறது அல்லவா? அதுபோலத்தான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள ஆயில் குழாய் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோகிறது. அங்கே உள்ள வீல் சிலிண்டர்கள் பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்துகின்றன. காலை எடுத்ததும் ஆயில் திரும்பி வருகிறது.

லைனிங் தேயத் தேய ஷூ அதிக தூரம் நகர வேண்டும். அந்த இடத்தை நிரப்ப மேலிருந்து கொஞ்சம் ஆயில் இறங்கும். ஆகவே, பல மாதங்களில் மட்டம் சிறிது குறைவது இயல்பு. வாரத்துக்கு வாரம் குறைந்தால் அது தேய்மானம் இல்லை, ஒழுக்கு.

பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்றுதான். இன்றைய கார்களில் இரண்டு சுற்று இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று பிடிக்கும். உங்கள் வண்டியில் ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கும் போகும். வில்லிஸ் வகை வண்டிகளில் ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டிக்குப் பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இருக்கிறது. அது நிறுத்திய வண்டியைப் பிடித்து வைக்கத்தான். சரிவில் ஓடும் பாரவண்டியை அது நிறுத்திவிடும் என்று நம்பாதீர்கள்.

டப்பா வைக்கும் முறை

1. முதலில் ஒழுக்கைச் சரிசெய்யுங்கள். நான்கு டிரம்மையும் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கமும் காய்ந்திருக்க வேண்டும். வெடித்த ரப்பர் ஹோஸ், துருப்பிடித்த இரும்புக் குழாய் இருந்தால் மாற்றுங்கள். ஓட்டைக் குடத்துக்கு மேல் இன்னொரு குடம் வைத்துப் பயனில்லை.

2. மாஸ்டர் சிலிண்டரின் பழைய மூடியைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ நல்ல பட்டறைகள் உண்டு. அதே மரையில், நடுவில் துளையும் மேலே நிப்பிளும் உள்ள பித்தளை மூடி ஒன்று கடைந்து தரச் சொல்லுங்கள். பழைய மூடியில் காற்றுத்துளை இருக்கும். புதியதில் அது கூடாது, இருந்தால் அதன் வழியே ஆயில் கசியும். அடியில் வாஷர் அவசியம். கடைந்த பிசிறு ஒட்டியிருக்காமல் நன்றாகக் கழுவ வேண்டும்.

3. டப்பா வெளியிலிருந்தே மட்டம் தெரியும் பிளாஸ்டிக்கில், மேல்கோடு கீழ்கோடு போட்டதாக இருக்கட்டும். பிரேக் ஆயிலுக்கென்று செய்த டப்பாவாகவே வாங்குங்கள். தண்ணீர் பாட்டிலை வெட்டிக் கட்டிய வண்டியையும் நான் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். காற்று இப்போது இந்த டப்பாவின் மூடி வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துளை அடைத்தால் ஆயில் கீழே இறங்காது.

4. பேனட்டுக்குள், டிரைவருக்கு முன்னால் உள்ள தகட்டில், மாஸ்டர் சிலிண்டரைவிட உயரமான இடத்தில் பொருத்துங்கள். புகைபோகும் மேனிபோல்டின் பக்கம் வேண்டாம். பிரேக் ஆயில் சூடான இரும்பில் சிந்தினால் தீப்பிடிக்கும்.

5. குழாயில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். டீசல் குழாய், பெட்ரோல் குழாய், சொட்டுநீர்க் குழாய் எதுவும் கூடாது. டீசலைத் தாங்கும் ரப்பர் பிரேக் ஆயிலைத் தாங்காது. பிரேக் ரிசர்வாயர் ஹோஸ் என்று கேட்டு, இ.பி.டி.எம். ரப்பரில் செய்ததை வாங்குங்கள். உள்விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் காற்றுக் குமிழ் எளிதில் மேலேறும்.

6. குழாய் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் மேடும் பள்ளமுமாக வளைந்தால் மேட்டில் காற்று நின்றுவிடும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். பெடல், ஸ்டியரிங் தண்டு, சைலன்சர் எதிலும் உரசக் கூடாது. இரண்டு முனையிலும் திருகுக் கிளிப் வேண்டும், கட்டுக்கம்பி போதாது.

7. பிறகு காற்று எடுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் இருந்து மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, அருகில் உள்ளதில் முடியுங்கள். டப்பா ஒருமுறைகூட வற்றக் கூடாது, வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

8. வண்டியை நிறுத்தி, பெடலை ஒரு நிமிடம் பலமாக அழுத்திப் பிடியுங்கள். கால் மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. இறங்கவில்லை என்றால் சமதரையில், நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகுதான் ரோடு, அதற்கும் பிறகுதான் மலை. ஒரு வாரம் கழித்துக் கிளிப்புகளை மறுபடி முறுக்குங்கள்.

பெடலில் சுமார் அரை அங்குலம் சும்மா ஆடும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆயில் திரும்பி வராமல் பிரேக் பிடித்தபடியே ஓடி, டிரம் சூடேறும்.

என்ன ஆயில் ஊற்றுவது?

அந்தக் காலத்து பிரேக் ஆயில் ஆமணக்கெண்ணெயில் ஆல்கஹால் கலந்து செய்தது. காரணம், இயற்கை ரப்பர் மண்ணெண்ணெய், டீசல் போன்றவற்றில் ஊதிப்போகும், ஆமணக்கெண்ணெயில் அப்படி ஆகாது. ரப்பர் விளையும் நம் மாவட்டத்தில் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஒரு ரப்பர் பேண்டை இரவில் டீசலில் போட்டு வையுங்கள். காலையில் புழுப்போல ஊதி, இழுத்தால் அறுந்து வரும். பிரேக் சிலிண்டரில் அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் உள்ளே இருக்கும் கப்புக்கும் அதே கதிதான். அதற்குப் பிறகு ரப்பர் சாமான் எல்லாவற்றையும் மாற்றினால்தான் பிரேக் வரும்.

இன்று கடையில் கிடைப்பவை டாட் 3, டாட் 4. இவை காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு வந்துவிடும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மலையிறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி, பழைய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி பஞ்சுபோல அமுங்கும், அழுத்தத்தைக் கடத்தாது. ஆயில் நிறைய இருந்தும் பெடல் தரையைத் தொடுவது இதனால்தான்.

தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறுகிற ஊர் நம்முடையது. அதனால் ஆண்டுக்கு ஒருமுறை, மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஆயிலை முழுவதும் மாற்றிவிடுங்கள். திறந்த டப்பாவில் மிச்சமிருப்பதை அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்க வேண்டாம். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் உரிந்துவிடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் நஞ்சு.

டப்பா வைத்த பிறகு

ஒரு எச்சரிக்கை. பழைய சிலிண்டரில் கொள்ளும் ஆயில் கொஞ்சம்தான். டப்பா வைத்ததும் கொள்ளளவு கூடுகிறது. ஒழுக்கு இருந்தாலும் பிரேக் அதிக நாள் பிடிக்கும். அது நல்லது என்று தோன்றும். ஆனால், பார்க்காதவனுக்கு அதுவே கெடுதல், ஏனென்றால் ஒழுக்கு அதிக நாள் ஒளிந்திருக்கும். அதனால் மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த வாரம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுக் கிளம்பாதீர்கள். எங்கே போனது என்று கண்டுபிடியுங்கள். மண்ணில் ஈரம் குறைந்தால் தண்ணீர் விடுகிறோம். மடை உடைந்து குறைந்தால்? முதலில் மடையைத்தானே அடைப்போம்?

காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்க எப்படியும் பேனட்டைத் தூக்குவீர்கள். அப்போது டப்பாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும். மாதம் ஒருமுறை காலடித் தகட்டையும் திறந்து, புதிய மூடியைச் சுற்றி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். டப்பா வந்துவிட்டது என்று அந்த வேலை முழுதாகப் போய்விடாது.

இறக்கத்தில், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். லோ ரேஞ்ச் இருக்கும் வண்டி என்றால் அதைப் போடுங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிப்பது வேண்டவே வேண்டாம். அன்று எங்களைக் காப்பாற்றியது பிரேக் அல்ல, கியர்தான்.

வண்டியின் பதிவுப் புதுப்பிப்பும் காப்பீடும் நடப்பில் இருக்கட்டும். 15 ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கூலிக்கு வரும் ஆட்களை ஏற்றுகிறீர்கள் என்றால் உங்கள் காப்பீடு அவர்களுக்கும் பொருந்துமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இதையொட்டிய சிறு கேள்விகள்

சிலிக்கான் பிரேக் ஆயில் ஈரம் உறிஞ்சாதாமே, ஊற்றலாமா?

டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில். அமெரிக்க ராணுவம் 1980களில் தன் வண்டிகளுக்கு அதை எடுத்துக்கொண்டது. ஆனால், டாட் 3, டாட் 4 ஆயிலோடு அதைக் கலக்கவே கூடாது. நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதும் இல்லை. எங்கும் கிடைக்கிற டாட் 4 ஊற்றி ஆண்டுதோறும் மாற்றுவதே நமக்கு ஏற்றது.

ரப்பர் தடி ஏற்றும் பழைய மிலிட்டரி லாரிக்கும் இப்படி டப்பா வைக்கலாமா?

மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கும் ஆயில் பிரேக் லாரி என்றால் முறை இதேதான். ஆனால், காற்றாலோ வாக்குவத்தாலோ உதவி பெறும் பிரேக் என்றால் அந்த வகை வண்டியில் பழகிய மெக்கானிக்கைத் தவிர வேறு யாரையும் தொடவிடாதீர்கள்.

டிராக்டரிலும் பிரேக் ஆயில் பார்க்க வேண்டுமா?

நம் டிராக்டர்கள் பலவற்றில் பெடலிலிருந்து பிரேக்குக்கு இரும்புத் தண்டுதான் போகிறது, தனி பிரேக் ஆயில் இல்லை. உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ரோட்டில் ஓட்டும்போது இடது, வலது பெடல்களைக் கொக்கியால் சேர்த்துப் பூட்ட மறக்காதீர்கள்.

குலசேகரம் வாசகருக்குக் கடைசியாக ஒன்று. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தக் கிராம்பை மரத்தில் ஏறிப் பறிப்பவர்களும், கீழே உட்கார்ந்து காம்பு நீக்குபவர்களும் உங்கள் ஜீப்பின் பின்பக்கத்தில்தான் வீடு திரும்புகிறார்கள். மூட்டைக்குக் காப்பீடு உண்டா என்று கேட்கிறவர்கள் நாம். ஆட்களை ஏற்றும் முன் பேனட்டைத் திறந்து அந்தக் கோட்டைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. அப்பாவையும் அழைத்துக் காட்டுங்கள். பார்க்க எளிதாக இருக்கிறது என்று தெரிந்தால், மறுநாள் காலையில் உங்களுக்கு முன்னால் அவரே பேனட்டைத் தூக்குவார்.

அடுத்த இதழில் வழக்கம்போல் வாழைக்கும் தென்னைக்கும் திரும்புவோம்.